கடையுணவும் இதய நலமும்

மனிதன் உறங்கும்போதும் ஓயாது உழைக்கும் உறுப்புகளுள் தலையாயது இதயம். மூடிய கையளவே உடைய இவ்வுறுப்பு, நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை துடித்து, உடலெங்கும் குருதியைச் செலுத்துகின்றது. ஆயினும், தன் அறைகளில் நிரம்பியுள்ள குருதியிலிருந்து தனக்கு வேண்டிய ஊட்டத்தை அது நேரே பெறுவதில்லை. அதன் மேற்புறத்தே படர்ந்துள்ள இரு தமனிகளும் அவற்றின் கிளைகளுமே அதற்கு ஊட்டமளிக்கின்றன. ஊருக்கெல்லாம் நீர் இறைப்பவன் தன் வீட்டிற்கு ஒரு சிறு வாய்க்காலையே நம்பியிருப்பதை இது ஒக்கும். அவ்வாய்க்கால் தூர்ந்தால் அவன் நிலை என்னாகும்?

தமனியின் உட்சுவரில் கொழுப்புச் சிறிது சிறிதாகப் படிதலே அத்தூர்வுக்குக் காரணம். இந்நோய் முதியோர்க்கே உரியது எனப் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்தாது. கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை மருத்துவர் ஆராய்ந்து, 1953ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவ்வீரர்களின் சராசரி வயது 22. போர்க்களம் புகும் வலிமை படைத்த அவ்விளைஞர்களுள், நால்வரில் மூவர்க்கு இதயத் தமனிகளில் நோயின் அடையாளம் காணப்பட்டது. பிற்காலத்தில் வெளிப்படும் நோய் இளமையிலேயே கால்கொள்கின்றது என்பது இதனால் விளங்கும்.

இந்நாளில் பள்ளி விட்டு வருவோரைப் பரோட்டாவும் பப்ஸும், பிரைடு ரைஸும் பர்கரும் தெருவெங்கும் அழைக்கின்றன. இவற்றை அடியோடு விலக்குதல் எல்லார்க்கும் எளிதன்று. ஆனால், தேர்ந்து உண்ணுதல் யாவர்க்கும் இயலும். அதற்குக் கொழுப்பு, உப்பு, அளவு ஆகிய மூன்றினையும் கருதுதல் வேண்டும்.

முதலாவது கொழுப்பு. தாவர எண்ணெயை ஹைடிரஜன் கொண்டு ஓரளவு கெட்டியாக்கும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகின்றது. அது குருதியிலுள்ள தீய கொலஸ்டிராலை மிகுவித்து, நல்ல கொலஸ்டிராலைக் குறைக்கின்றது. ஆதலின், எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது நூற்றுக்கு 2 பங்கினை மிகலாகாது என்னும் வரையறை 2022ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ளது. ஆயினும், சட்டம் ஒவ்வொரு வாணலியின் அருகிலும் காவல் நிற்க இயலாது. பன்முறை காய்ச்சிய எண்ணெய் கறுக்கும், நுரைக்கும், விரைவில் புகையும். அத்தகைய எண்ணெயில் பொரிப்பதைக் கண்டால் அக்கடையை விட்டு நீங்குதலே அறிவுடைமை. பொரித்தவற்றினும் ஆவியில் வெந்தனவும் அவித்தனவும் சிறந்தவை. இட்டலி, இடியாப்பம், சுண்டல், அவித்த வேர்க்கடலை ஆகியவையும் கேட்டவுடன் கிடைப்பவையே அன்றோ? கோழியிறைச்சி உண்போர் பொரித்ததை விடுத்து, தோல் நீக்கிச் சுட்டதைக் கொள்ளலாம்.

இரண்டாவது உப்பு. ஒருவர்க்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைந்த உப்பே போதும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. இஃது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவாகும். மிகுதியான உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்தும். உயர்ந்த அழுத்தம் தமனிகளைச் சிதைக்கும். சாஸ், ஊறுகாய், சிப்ஸ், நூடுல்ஸுடன் வரும் மசாலாப் பொடி ஆகியவற்றில் உப்பு மறைந்து நிற்கின்றது. குழம்பையும் சாஸையும் மேலே ஊற்றாது, தனியே வாங்கிச் சிறிதளவே தொட்டு உண்பது நன்று.

மூன்றாவது அளவு. பெரிய பொட்டலம் விலையில் மலிவாகத் தோன்றும். உடலுக்கோ அது சுமையாகும். சிறியதை வாங்குதலும், வாங்கியதை நண்பருடன் பகிர்ந்து உண்ணுதலும் நல்ல வழிகள். இனிப்பூட்டிய குளிர்பானம் 300 மில்லிலிட்டரில் 30 கிராம் அளவிற்கு சர்க்கரை இருத்தல் கூடும். தாகத்திற்குத் தண்ணீரோ இளநீரோ போதும்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருந்துகளின் பெயர்களை அடுக்கினாரில்லை. உண்ணும் முறையையே பெரிதும் வற்புறுத்தினார். நோய் வந்தபின் மருத்துவரை நாடுதல் வேண்டுவதே. ஆயினும், நோய்க்கு இடங்கொடாத வழி பெரும்பாலும் உண்பவரின் கையிலேயே உள்ளது. கடையின் முன் நின்று, ‘எது சுவையானது?’ என்று கேட்கும் மாணவர், ‘எது என் இதயத்திற்கு ஏற்றது?’ என்றும் ஒரு முறை கேட்பாராயின், அவர் இளமையிலேயே தம் முதுமைக்கு நலம் தேடிக்கொண்டவர் ஆவர்.