உதவித்தொகைக்கு வரி பிடித்துவிட்டால்

போன வாரம் ஊர்ப்பக்கத்துத் தம்பி ஒருவன் கூப்பிட்டான். ஆய்வு மாணவன், ஜேஆர்எஃப் வாங்குகிறான். "அண்ணே, போன வருஷம் பூரா பத்து பர்சென்ட் பிடிச்சுட்டுத்தான் குடுத்திருக்காங்க. அது திரும்ப வருமா?"

வரும். ஆனால் தானாக வராது, நாம்தான் கேட்கணும்.

1961 வருமான வரிச் சட்டத்தின் 10(16) பிரிவு மிகச் சின்னது. படிப்புச் செலவுக்காகத் தரப்படும் உதவித்தொகை மொத்த வருமானத்தில் சேராது, அவ்வளவுதான். இத்தனை ரூபாய் வரைதான் என்ற உச்சவரம்பு கிடையாது. புதிய வரி முறைக்குப் போனாலும் இந்த விலக்கு உண்டு.

அப்புறம் ஏன் பிடித்தார்கள்? அலுவலகத்தில் யாரோ இதை 194ஜே பிரிவில், அதாவது தொழில்முறைக் கட்டணமாக, பதிந்துவிட்டார்கள். மாதம் 37,000 என்றால் வருஷத்துக்கு 4,44,000. அதில் பத்து சதவீதம் 44,400. ஒரு மாத உதவித்தொகையைவிட அதிகம்!

"வரியே இல்லேன்னா ரிட்டர்ன் எதுக்குண்ணே?" என்றான். பிடித்த பணம் அவன் பான் எண்ணில் கிடக்கிறது, ரிட்டர்ன் போட்டால்தான் கைக்கு வரும். இன்னொன்று: வருஷத்தில் பிடித்த டிடிஎஸ் 25,000 ரூபாயைத் தொட்டாலே ரிட்டர்ன் கட்டாயம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. ஃபார்ம் 26ஏஎஸ்-ஐ இறக்கி, எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

2. ஐடிஆர்-1-இல் உதவித்தொகையைச் சம்பளத்திலோ 'இதர வருமானம்' பகுதியிலோ போடாதீர்கள். விலக்கு பெற்ற வருமானப் பகுதியில் 10(16)-ஐத் தேர்ந்தெடுத்து முழுத்தொகையையும் காட்டுங்கள்.

3. டிடிஎஸ் பகுதியில் பிடித்த தொகையைக் கோருங்கள். முப்பது நாளுக்குள் இ-வெரிஃபை செய்யுங்கள்.

4. ஏஐஎஸ்-இல் அந்த வரவுக்கு எதிரே, 'வரிக்கு உட்படாத வருமானம்' என்று பதில் கொடுங்கள்.

டிடிஎஸ் கேட்கிறோம், வருமானத்தை வரிக்குக் காட்டவில்லை என்பதால் நோட்டீஸ் வரலாம். பயப்பட வேண்டாம். உதவித்தொகை ஆணைக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தால் பதில் சொல்லிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. கல்லூரியிலிருந்து வருவதெல்லாம் உதவித்தொகை ஆகிவிடாது. வகுப்பெடுத்ததற்கோ, புராஜெக்டில் வேலை பார்த்ததற்கோ கூலியாகத் தந்தால் அது வருமானம்தான். உதவித்தொகையைச் சேமித்து வைத்ததில் வரும் வங்கி வட்டியும் அப்படியே. படிக்கத் தந்ததா, வேலைக்குத் தந்ததா என்பதுதான் கேள்வி. ஸ்டைபெண்ட், ஃபெல்லோஷிப் என்ற பெயர்கள் அதைத் தீர்மானிப்பதில்லை.

கெடு தேதியை விட்டுவிட்டாலும் டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம். அதன்பின் போடும் புதுப்பித்த யு-ரிட்டர்னில் ரீஃபண்ட் கேட்க வழியில்லை.

தம்பியிடம் கடைசியாக ஒன்று சொன்னேன்: இந்த வருஷத் தவணை வருவதற்கு முன்பே இந்த விலக்கைக் குறிப்பிட்டு, ஆணை நகலோடு கணக்குப் பிரிவுக்கு ஒரு கடிதம் கொடுத்துடு. பிடித்ததைத் திரும்ப வாங்குவதைவிட, பிடிக்காமல் பார்த்துக்கொள்வது சுலபம்.