மீண்டும் எழுதிப் பார்த்தல்

திருவரங்கத்தில் வாழ்ந்த நஞ்சீயர் என்னும் ஆசிரியர் திருவாய்மொழிக்கு ஓர் உரை எழுதினார். 32 எழுத்துகள் கொண்டது ஒரு கிரந்தம் என்பது அக்காலக் கணக்கு. அவ்வுரை 9000 கிரந்த அளவினது. ஆதலால் ஒன்பதினாயிரப்படி எனப் பெயர்பெற்றது. அதனை நல்ல எழுத்தில் படியெடுத்துத் தருமாறு வரதராசர் என்னும் மாணவரிடம் ஆசிரியர் ஒப்படைத்தார். ஓலைகளோடு தம் ஊருக்குப் புறப்பட்ட மாணவர் காவிரியைக் கடக்கும்போது வெள்ளம் பெருகியது. தலையில் கட்டியிருந்த ஓலைக்கட்டு நீரோடு போயிற்று. பாடம் கேட்டபோது உள்ளத்தில் பதிந்தவற்றைக் கொண்டே அவர் உரை முழுவதையும் எழுதி வந்தார். படித்துப் பார்த்த நஞ்சீயர், தாம் எழுதியதைவிடச் சில இடங்களில் பொருள் சிறந்திருப்பதைக் கண்டு வியந்தார். நடந்ததை அறிந்து, 'நம் பிள்ளை' என்று தழுவிக்கொண்டார். நம்பிள்ளை என்னும் பெயர் அவ்வாறு வந்தது என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன.

குருபக்திக்கும் நினைவாற்றலுக்கும் சான்றாகவே இந்நிகழ்ச்சி பெரிதும் சொல்லப்படுகிறது. எழுதக் கற்பவருக்கு இதில் வேறொன்றும் உண்டு. ஓலையைப் பார்த்துப் படியெடுத்திருந்தால் வரதராசரின் கை மட்டுமே உழைத்திருக்கும். ஓலை போனதனால், ஆசிரியர் சொல்லவந்தது யாது என்று ஒவ்வோர் இடத்திலும் எண்ணிப்பார்த்து, அதைத் தம் சொற்களால் அமைக்க வேண்டியதாயிற்று.

வரதராசருக்கு நேர்ந்த இழப்பை, ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் பாஸ்டன் நகரில் ஓர் இளைஞர் தாமாகவே உண்டாக்கிக்கொண்டார். அச்சுக்கூடத்தில் வேலை பழகிவந்த பெஞ்சமின் பிராங்க்ளின், 'ஸ்பெக்டேட்டர்' என்னும் இதழின் கட்டுரைகளைப் படித்துச் சிறு குறிப்புகள் எடுத்துக்கொள்வார். சில நாள் கழித்து, மூலத்தைப் பாராமல் குறிப்புகளைக்கொண்டே கட்டுரையை மீண்டும் எழுதுவார். பின்னர் இரண்டையும் ஒப்பிட்டுத் தம் பிழைகளைத் திருத்துவார். இதனைத் தம் தன்வரலாற்றில் அவரே விளக்கியுள்ளார்.

நல்ல உரைநடையை மீண்டும் எழுதினால் நடை பழகும். சொற்கள் மண்டிய உரைநடையை எளிமையாக மீண்டும் எழுதினாலோ மற்றொரு பயன் கிடைக்கும். எழுதியவர் சொல்லாமல் விட்டவை வெளிப்படும்.

ஓர் அறிவிப்பு

கற்பனையான அறிவிப்பு ஒன்று இது:

"மாநகரின் சில பகுதிகளில் குடிநீர்க் குழாய்ப் பராமரிப்புப் பணிகள் மேற்கொள்ளப்படவிருப்பதன் காரணமாகக் குடிநீர் விநியோகம் செய்யப்படுவது தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படவுள்ளது என்பது பொதுமக்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவரப்படுகிறது. பொதுமக்கள் உரிய முன்னேற்பாடுகளை மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

இலக்கணப் பிழை எதுவும் இதில் இல்லை, பணிவுக்கும் குறைவில்லை. 'விநியோகம் செய்யப்படுவது நிறுத்திவைக்கப்படவுள்ளது' என்பதன் பொருள் 'வராது' என்பதே. 'கவனத்திற்குக் கொண்டுவரப்படுகிறது' என்பதற்குத் தேவையே இல்லை; அறிவிப்புப் பலகையில் எழுதுவதே அறிவிப்பதற்காகத்தான். 'பராமரிப்புப் பணிகள் மேற்கொள்ளப்படுதல்' என்பதில் பழுதுபார்த்தல் என்னும் ஒரு வினை, பெயர்ச்சொல்லாக மாறி, வேறொரு வினையின் துணையை நாடி நிற்கிறது. இத்தகைய இடங்களில் பெயருக்குள் ஒளிந்த வினையை வெளியே கொணர்ந்தால் தொடர் தானே இளகும்.

இவ்வளவும் எளிய வேலை. இதன்பின் எழுதுகோல் நின்றுவிடும். எந்தத் தெருவில் நீர் வராது? எந்த நாள்? எத்தனை மணி வரை? மூலத்தில் விடை இல்லை. 'சில பகுதிகள்', 'தற்காலிகமாக', 'உரிய முன்னேற்பாடுகள்' என்னும் மூன்று தொடர்களும் அந்த வெற்றிடங்களை மூடியிருந்தன. தனியே வாழும் மூதாட்டி ஒருவர் இவ்வறிவிப்பைப் படித்துவிட்டு, எப்போது குடங்களை நிரப்புவது என்று அறியாமல் வீடு திரும்பியிருப்பார். மீண்டும் எழுதுபவர் உரியவரிடம் கேட்டறிந்த பின்னரே இவ்வாறு எழுத முடியும்:

"குழாய்களைப் பழுதுபார்ப்பதால் செவ்வாய்க்கிழமை காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை கீழச் சித்திரை வீதியிலும் கீழ உத்தர வீதியிலும் குடிநீர் வராது. தேவையான நீரைத் திங்கட்கிழமையே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்."

எண்ணிப் பார்த்தால் இரண்டிலும் 24 சொற்கள். எளிமை என்பது சுருக்கம் என்றே பலர் கருதுகின்றனர். இங்கே ஒரு சொல்லும் குறையவில்லை.

சுருக்கம் சில வேளைகளில் தீங்கும் செய்யும். 'தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்தால் 30 நாளில் தகவல் கிடைக்கும்' என்று ஒருவர் சுருக்கி எழுதுவதாகக் கொள்வோம். படிக்க எளிதுதான், ஆயினும் பிழையானது. 2005ஆம் ஆண்டின் அச்சட்டம், 30 நாளுக்குள் தகவலைத் தரவேண்டும் அல்லது காரணம் காட்டி மறுக்கவேண்டும் என்கிறது. ஒருவருடைய உயிரையோ விடுதலையையோ பற்றிய தகவலாயின் 48 மணி நேரத்திற்குள் தரவேண்டும் என்றும் கூறுகிறது. காவலில் உள்ள மகனைப் பற்றி அறியத் துடிக்கும் தாய்க்கு, விடுபட்ட அந்த ஒரு வரியே முதன்மையானது.

நீதிமன்றத்தில் தமிழ்

தீர்ப்பின் மொழி புரியாமல் வழக்காடுவோர் படும் துன்பத்தை அருகிலிருந்து கண்டவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள குளத்தூரில் 1826இல் பிறந்த அவர், திருச்சிராப்பள்ளி மாவட்ட நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். ஆங்கிலத்தில் இருந்த தீர்ப்புகளைத் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரில் 1862இல் வெளியிட்டார். தீர்ப்பை மொழிபெயர்ப்பவர் எதையும் மழுப்ப இயலாது. யார் யாருக்கு எதைக் கொடுக்கவேண்டும் என்பது ஐயமின்றி விளங்கவேண்டும். 17 ஆண்டுகள் கழித்து, தமிழின் முதல் புதினமான 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. செய்யுளே இலக்கியம் என்று எண்ணப்பட்ட காலத்தில் உரைநடையில் ஒரு நெடுங்கதை சொல்ல அவர் துணிந்ததற்கு, நீதிமன்றத்தில் பெற்ற பயிற்சியும் துணைநின்றிருக்கக் கூடும். நீதிமன்றங்களில் தமிழ் வழங்கவேண்டும் என்னும் வாதத்தை அப்புதினத்திலும் அவர் எழுதினார்.

யாருக்கு எளிது?

நம்பிள்ளை திருவரங்கத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்டு, வடக்குத் திருவீதிப்பிள்ளை எழுதிவைத்த உரையே ஈடு முப்பத்தாறாயிரப்படி. உரையாடலும் உவமையும் கதையும் நிறைந்த அந்நடை, கேட்டவர்க்கு இனிதாக விளங்கியிருக்கும். எனினும் வடமொழி மிகக் கலந்த மணிப்பிரவாள நடையாதலால் பிற்காலத்தவர்க்கு அது அரிதாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் பு. ரா. புருஷோத்தம நாயுடு அதனைத் தமிழாக்கினார். சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. ஒரு காலத்தின் தெளிந்த பேச்சுக்கே மற்றொரு காலத்தில் மொழியாக்கம் வேண்டியிருந்தது.

அவ்வூரிலேயே வளர்ந்து, திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற எழுத்தாளர் சுஜாதா, புறநானூற்றுக்கு எளிய அறிமுகம் ஒன்று எழுதினார். பழம்பாடல்களை இன்றைய வழக்கில் சொல்ல முனைந்த அவர், மக்கள் நாவில் வழங்கும் கடன்சொற்களைத் தம் அறிவியல் கட்டுரைகளில் தயங்காமல் பயன்படுத்தினார். அதனை ஏற்காத தமிழறிஞர் உண்டு. ஒரு சொல் தூயதா என்பது ஒரு வினா. படிப்பவர்க்கு அது தெரியுமா என்பது வேறு வினா. எளிமையாக எழுத முற்படுபவர் இரண்டாம் வினாவை விட்டுவிட இயலாது.

மீண்டும் எழுதியதைச் சோதிக்கவும் ஒரு வழி உண்டு. மூல அறிவிப்பைப் பார்த்திராத ஒருவரிடம் புதிய அறிவிப்பைப் படித்துக்காட்டி, "இதைக் கேட்டபின் என்ன செய்வீர்கள்?" என்று வினவவேண்டும். "திங்கட்கிழமை இரவே குடங்களை நிரப்பி வைப்பேன்" என்று அவர் சொன்னால் வேலை முடிந்தது. அவர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டால், கேள்வி எழுந்த இடத்திலிருந்து மறுபடி எழுதத் தொடங்கலாம்.