கருத்தடைச் சாதனத்தைக் காலத்தில் அகற்றுதல்

கருத்தடைச் சாதனத்தைப் பொருத்திக்கொள்வது பற்றி நம் கிராமத்தார் பலரும் அறிவர். அதனை அகற்றுவது பற்றி அறிந்தோர் சிலரே. வேம்பார் முதல் பெரியதாழை வரையுள்ள முத்துக்குளித்துறைக் கரையில் மீன் விற்றும், உப்பளங்களில் உழைத்தும் வாழும் தாய்மார்கள், தம் உடல்நலம் பேணப் பொழுதின்றி இதனை மறந்துவிடுதல் கூடும்.

1965-ஆம் ஆண்டில் 'லூப்' என்னும் வளையம் நம் நாட்டில் அறிமுகமாயிற்று. பின்னர் அதன் இடத்தைக் காப்பர்-டி பெற்றது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் பொருத்தப்பெறும் காப்பர்-டி 380ஏ 10 ஆண்டுகளுக்கும், காப்பர்-டி 375 5 ஆண்டுகளுக்கும் பயன் தரும். அதன்பின் அதனை நம்பியிருத்தல் ஆகாது. மாதவிடாய் முற்றும் நின்று ஓராண்டு ஆனதும் அகற்றிவிடல் வேண்டும். நாட்பட விட்டால் கருப்பை வாய் சுருங்கி, அகற்றுதல் கடினமாகும், நோய்த்தொற்று ஏற்படவுங்கூடும்.

அகற்றும் முறை பெரும்பாலும் எளியதே. சாதனத்தின் நூல் கருப்பை வாயில் தெரியும். அதனை இடுக்கியால் பற்றி மெல்ல இழுப்பர். சில நிமிடங்களில் முடிந்துவிடும். நூல் உள்ளே சுருண்டு மறைந்திருப்பின், கர்ப்பம் இல்லையென முதலில் உறுதி செய்து, சாதனம் இருக்குமிடத்தை ஸ்கேன் மூலம் காண்பர். கருப்பையினுள் இருப்பின், நீண்ட மெல்லிய இடுக்கியாலோ முனை வளைந்த கொக்கியாலோ எடுப்பர். தசையில் பதிந்திருப்பின், ஹிஸ்டரோஸ்கோப் என்னும் விளக்குக் குழாயைச் செலுத்தி, கண்ணால் கண்டு அகற்றுவர். அரிதாகச் சாதனம் கருப்பையைத் துளைத்து வயிற்றுக்குள் சென்றுவிடுவதுண்டு. எக்ஸ்ரே படத்தில் அது புலப்படும். அப்போது வயிற்றில் சிறு துளையிட்டு, லாப்பராஸ்கோப் கருவியின் துணையால் எடுப்பர். இத்தகைய சிகிச்சை தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளிலேயே செய்யத்தக்கது.

பாறையில் சிக்கிய வலையை வலிந்து இழுத்தால் கிழியும் என்பதைக் கடலோர மக்கள் அறிவர். ஆதலின் வீட்டில் தாமே நூலை இழுத்தலோ, பயிற்சியற்றவரிடம் செல்லுதலோ கூடாது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத்தக்க பணிகள் சில உள:

1. பொருத்திய நாளும் அகற்றவேண்டிய நாளும் குறித்த அட்டையைப் பத்திரமாக வைத்திருக்குமாறு தாய்மார்களுக்கு எடுத்துரைத்தல்.

2. பிரசவத்தையொட்டிச் சாதனம் பொருத்தப்பெற்றதா என்பதை அறியாத தாய்மார்களைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அனுப்புதல்.

3. கடும் வயிற்றுவலி, காய்ச்சல், மிகுந்த இரத்தப்போக்கு உடையோரைத் தாமதமின்றி மருத்துவமனை சேர்ப்பித்தல்.

கெடு முடியுமுன்னரே அகற்ற விரும்பும் பெண்ணுக்கு அவ்வுரிமை உண்டு. காரணம் கேட்டு அவளைத் திருப்பி அனுப்புதல் தகாது. இதனைக் கிராம சபையில் எடுத்துச் சொல்லுதல் நம் கடமையாகும்.