அமெரிக்காவைத் திருப்பிப் போட்டவர்கள் – 14: பெயர் எழுதாத துண்டறிக்கை

பேருந்தில் எழுந்து இடம்விட மறுத்ததற்காக ரோசா பார்க்ஸ் கைதானதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். இடம், அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரம். நாள், 1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை. அடுத்து வந்த திங்கட்கிழமை காலையில் அந்த நகரத்துப் பேருந்துகள் ஏறக்குறையக் காலியாக ஓடின. நடுவில் இருந்தது மூன்றே நாள். அதற்குள் பேருந்தில் ஏறாதீர்கள் என்ற சேதி ஊர் முழுக்க எப்படிப் போனது?

ஒரு துண்டறிக்கைதான் அதைக் கொண்டுபோனது. அதன் வாசகத்தை முதல்முறை படித்தபோது ரோசா பார்க்ஸின் பெயரைத் தேடினேன். இல்லை. கறுப்பினப் பெண் இன்னொருவரும் கைதாகிவிட்டார் என்றுதான் தொடங்குகிறது. எழுதியவர் பெயரும் அடியில் இல்லை. இருப்பது ஒரே பெண்ணின் பெயர், கிளாடெட் கோல்வின். இந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் நமக்குத் தெரிந்த கதைக்கு அடியில் இன்னொரு கதை கிடைக்கிறது.

எழுதியவர் ஜோ ஆன் ராபின்சன். அலபாமா ஸ்டேட் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியை. 1949-ல் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பியவர் பேருந்தில் ஏறி முன்பக்கமாக உட்கார்ந்துவிட்டார். வண்டியில் கூட்டமே இல்லை. ஓட்டுநர் எழுந்து வந்து, அடிக்கப்போகிறவர்போல் நின்று கத்தினார். ராபின்சன் அழுதுகொண்டே இறங்கி ஓடினார். அங்கே முதல் பத்து இருக்கைகள் வெள்ளையருக்கு. அவை காலியாகக் கிடந்தாலும் கறுப்பினத்தவர் நின்றுதான் வர வேண்டும். முன்வாசலில் காசு கொடுத்துவிட்டு இறங்கி, பின்வாசலுக்கு நடந்துபோய் ஏறச் சொல்வதும் உண்டு.

மறுவருடம் ராபின்சன், கறுப்பினப் பெண்களின் அமைப்பான மகளிர் அரசியல் மன்றத்தின் தலைவியானார். 1954 மே மாதம் மேயருக்கு ஒரு கடிதம் எழுதினார். பயணிகளில் முக்கால்வாசிப் பேர் எங்கள் மக்கள், நாங்கள் ஏறாவிட்டால் பேருந்து ஓடாது என்பதை மரியாதை குறையாமல் சொன்ன கடிதம் அது. பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே புறக்கணிப்பு என்ற ஆயுதம் தயாராக இருந்தது.

டிசம்பர் 1 இரவு, இளம் வக்கீல் ஃப்ரெட் கிரே கைதுச் செய்தியைச் சொன்னார். ராபின்சன் விடியும்வரை காத்திருக்கவில்லை. நள்ளிரவில் கல்லூரிக்குப் போனார். சக பேராசிரியர் ஒருவரும் மாணவர்கள் இருவரும் துணைக்கு வந்தார்கள். நகலெடுக்க அங்கே இருந்தது, நம் ஊர் அலுவலகங்களில் சைக்ளோஸ்டைல் என்போமே, அதே இயந்திரம்தான். வாசகத்தை ஒரே ஸ்டென்சிலில் மூன்று முறை தட்டச்சு செய்தார்கள். ஓடி வந்த தாள் ஒவ்வொன்றையும் மூன்றாக வெட்டினால் மூன்று துண்டறிக்கை. விடிகாலை நான்கு மணிக்குள் பல பத்தாயிரம் தயார். காலை எட்டு மணி வகுப்பை எடுத்து முடித்துவிட்டு, அதே மாணவர்களோடு காரில் கிளம்பினார். பள்ளிக்கூடம், சலூன், கடை, தொழிற்சாலை என்று எந்த இடத்தில் யார் கட்டு வாங்கிக்கொள்வது என்பது வரை மன்றத்துப் பெண்கள் முன்கூட்டியே திட்டம் போட்டு வைத்திருந்தார்கள்.

அரசு நிதியில் நடக்கும் கல்லூரி. பெயர் தெரிந்தால் வேலை போய்விடும், கல்லூரிக்கும் ஆபத்து. அதனால்தான் அடியில் கையெழுத்து இல்லை. கல்லூரித் தலைவர் கூப்பிட்டு விசாரித்தபோது, கல்லூரித் தாளுக்கான பணத்தை மன்றம் கட்டிவிடும் என்று ராபின்சன் வாக்குக் கொடுத்தார். போராட்டத்தின் நடுவே போலீஸ்காரர்களே அவருடைய காரின்மேல் அமிலத்தை ஊற்றிப் பொத்தலாக்கினார்கள். அந்தக் காரைத்தான் 1960-ல் ஊரைவிட்டுப் போகும்வரை வைத்திருந்தார்.

இனி, துண்டறிக்கையில் இருந்த பெயருக்கு வருவோம். கிளாடெட் கோல்வினுக்கு அப்போது 15 வயது, பள்ளி மாணவி. பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பு, 1955 மார்ச் 2-ல், இதேபோல் எழுந்திருக்க மறுத்தார். போலீசார் இழுத்துப்போய் விலங்கு மாட்டினார்கள். அப்போதே புறக்கணிப்பைத் தொடங்கலாமா என்று பேச்சு எழுந்தது. சின்னப் பெண், ஏழைக் குடும்பம், இவளை முன்னால் நிறுத்தினால் வழக்கு நிற்காது என்று தலைவர்கள் தள்ளிப்போட்டார்கள். அந்தக் கணக்கின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தச் சிறுமியை நினைத்தால் மனசு ஆறவில்லை.

ஏனென்றால் 381 நாள் பேருந்தைப் புறக்கணித்து நடந்தே கிடந்த அந்த மக்களுக்குத் தீர்ப்பு வாங்கித் தந்த வழக்கில் பார்க்ஸ் வாதி அல்ல. அவருடைய மேல்முறையீடு மாநில நீதிமன்றத்தில் சிக்கிக் கிடந்தது. ஃப்ரெட் கிரே வேறு நான்கு பெண்களை வாதிகளாக்கி, கூட்டாட்சி நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட்டார். அந்த நால்வரில் ஒருவர் கோல்வின். 16 வயதில் கூண்டேறிச் சாட்சி சொன்னார். 1956 நவம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம், கூட்டாட்சி நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தந்த தீர்ப்பை உறுதி செய்தது. டிசம்பர் 21 முதல் யாரும் எந்த இருக்கையிலும் உட்காரலாம் என்றானது.

கோல்வின் நியூயார்க் போய், முதியோர் இல்லத்தில் செவிலியர் உதவியாளராகப் பல ஆண்டு வேலை பார்த்தார். போலீஸ்காரரைத் தாக்கினார் என்று 15 வயதில் அவர்மேல் எழுதிய குற்றம் மட்டும் மாண்ட்கோமரி நீதிமன்றப் பதிவேட்டில் அப்படியே கிடந்தது. அதை அழிக்கச் சொல்லி அவரே விண்ணப்பித்தார். 2021-ல் நீதிபதி உத்தரவிட்டபோது அவருக்கு வயது 82.

(தொடரும்)