மெய்நிகர் ஆளிகளுக்கு இடையேயான இணைப்பு

மெய்நிகர் ஆளி அல்லது விர்ச்சுவல் சுவிட்ச் என்பது ஒரு கணினிக்குள் இயங்கும் மெய்நிகர் இயந்திரங்களை வலையமைப்பில் இணைக்கும் மென்பொருள் ஆகும். ஈதர்நெட் ஆளி என்னும் வன்பொருள் செய்யும் பணியையே இதுவும் செய்கிறது. மெய்நிகர் இயந்திரங்களைத் தாங்கும் உண்மையான கணினி ஓம்பு கணினி எனப்படும். ஒரே ஓம்பு கணினியில் பல மெய்நிகர் ஆளிகளை உருவாக்க இயலும். வெவ்வேறு ஆளிகளில் உள்ள இரு இயந்திரங்கள் ஒன்றையொன்று தொடர்பு கொள்ளாதிருப்பது பெரும்பாலும் பழுதன்று. ஆளிகள் வடிவமைக்கப்பட்ட முறையின் விளைவேயாகும்.

ஆளிகள் தனித்திருத்தல்

ஒரே கணினிக்குள் இருப்பதாலேயே இரு மெய்நிகர் ஆளிகள் இணைந்துவிடுவதில்லை. அவை வெவ்வேறு அறைகளில், இடையே கம்பியின்றி வைக்கப்பட்ட இரு வன்பொருள் ஆளிகளுக்கு ஒப்பானவை. விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ மென்பொருளின் இயல்பு ஆளிகளை நேரடியாக ஒன்றோடொன்று பிணைக்க இயலாது. இதனால் அவற்றுக்குள் வளையம் தோன்றாது. வளையத்தைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ நெறிமுறையும் அங்குத் தேவைப்படுவதில்லை. மாறாக, 2009 இல் முதலில் வெளியான ஓப்பன் விசுவிட்ச் மென்பொருளில் இரு ஆளிகளை இணைக்கலாம். எனினும் நிருவாகி அவ்வாறு அமைக்கும் வரை அவை தனித்தே இருக்கும்.

ஆளி வகைகள்

மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வி மென்பொருளில் மூன்று வகை ஆளிகள் உள்ளன.

- வெளி ஆளி: ஓம்பு கணினியின் வலையமைப்பு அட்டை வழியாக வெளி வலையமைப்புடன் இணையும்.
- உள் ஆளி: மெய்நிகர் இயந்திரங்களையும் ஓம்பு கணினியையும் மட்டும் இணைக்கும்.
- தனி ஆளி: மெய்நிகர் இயந்திரங்களை மட்டும் இணைக்கும். ஓம்பு கணினியாலும் அவற்றை அடைய இயலாது.

எனவே, சிக்கலை ஆராயும் முன் ஒவ்வோர் இயந்திரமும் எந்த ஆளியில், எந்த வகை ஆளியில் உள்ளது என்பதை அறிதல் வேண்டும்.

இணைக்கும் வழிகள்

முதல் வழி, இரு ஆளிகளையும் வெவ்வேறு வலையமைப்பு அட்டைகள் வழியாக ஒரே வெளி வலையமைப்பில் சேர்ப்பது. இரண்டும் ஒரே விலேனில் இருந்தால் இயந்திரங்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளும். அருகருகே இருந்தாலும் அவற்றின் பொதிகள் ஓம்பு கணினியை விட்டு வெளியேறித் திரும்பி வரும்.

இரண்டாம் வழி, இரு ஆளிகளிலும் ஒவ்வோர் அட்டையை உடைய திசைவி ஒன்றை அமைப்பது. எடுத்துக்காட்டாக, முதல் ஆளியில் 192.168.10.5 என்ற முகவரியிலும், இரண்டாம் ஆளியில் 192.168.20.5 என்ற முகவரியிலும் இரு இயந்திரங்கள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டின் சப்நெட் மாஸ்க்கும் 255.255.255.0 ஆகும். லினக்ஸ் இயங்கும் மூன்றாம் இயந்திரம் 192.168.10.1, 192.168.20.1 என்னும் இரு முகவரிகளுடன் திசைவியாகச் செயல்படும்.

சிக்கலைக் கண்டறியும் முறை

1. முகவரித் திட்டம்: திசைவியைப் பயன்படுத்தும்போது இரு ஆளிகளிலும் வெவ்வேறு துணை வலையமைப்புகள் இருத்தல் வேண்டும். இரு இயந்திரங்களுக்கும் 192.168.10 எனத் தொடங்கும் முகவரி இருந்தால், சேரிடம் தன் ஆளியிலேயே உள்ளதென அனுப்பும் இயந்திரம் கருதும். அது ஏஆர்பி நெறிமுறை மூலம் மேக் முகவரியைக் கேட்கும். அக்கேள்வி மறு ஆளியை எட்டாது. பொதி திசைவிக்கும் செல்லாது.

2. நுழைவாயில்: ஒவ்வோர் இயந்திரமும் தன் பக்கத்துத் திசைவி முகவரியை இயல்பு நுழைவாயிலாகக் கொள்ள வேண்டும். ஒன்றில் மட்டும் அமைத்தால் கோரிக்கை போய்ச் சேரும், பதில் திரும்பாது.

3. முன்செலுத்தல்: லினக்ஸ் கருவகத்தில் ஐபி முன்செலுத்தலின் இயல்பு மதிப்பு 0 ஆகும். திசைவியாகச் செயல்பட அதனை 1 ஆக மாற்ற வேண்டும். முன்செலுத்தல் முடக்கப்பட்டிருந்தாலும், முதல் இயந்திரத்திலிருந்து 192.168.20.1 முகவரிக்கு அனுப்பும் பிங்கிற்குப் பதில் வரக்கூடும். அம்முகவரியும் திசைவிக்கே உரியது என்பதே காரணம். ஆகவே அப்பதிலைக் கொண்டு மட்டும் முடிவு செய்யலாகாது.

4. தீச்சுவர்: விண்டோஸ் எக்ஸ்பியின் 2004 ஆம் ஆண்டு இரண்டாம் சேவைப் பொதி முதல் விண்டோஸ் தீச்சுவர் இயல்பாகவே இயங்குகிறது. பிங் கோரிக்கைகளை அது தடுக்கக்கூடும். திசைவியின் தீச்சுவரையும் சரிபார்த்தல் வேண்டும்.

5. பொதிப் பிடிப்பு: திசைவியின் இரு அட்டைகளிலும் டிசிபிடம்ப் அல்லது வயர்ஷார்க் கொண்டு பொதிகளைக் காணலாம். கோரிக்கை முதல் அட்டைக்கே வரவில்லையெனில் அனுப்பும் இயந்திரத்தின் முகவரி, நுழைவாயில், ஆளி ஆகியவற்றை நோக்க வேண்டும். முதல் அட்டைக்கு வந்து இரண்டாம் அட்டையில் வெளியேறவில்லையெனில் முன்செலுத்தலிலோ திசைவியின் தீச்சுவரிலோ குறை உள்ளது. வெளியேறியும் பதில் இல்லையெனில் சேரிடத்தின் தீச்சுவரையும் நுழைவாயிலையும் ஆராய வேண்டும்.

பிழைச் செய்திகள்

விண்டோசில் பிங் ஆணை தரும் இரு செய்திகள் வேறுபட்ட பொருள் உடையவை. தன் சொந்த முகவரியிலிருந்தே "சேரிடத்தை எட்ட இயலவில்லை" என வருமாயின் பொதி புறப்படவே இல்லை. பெரும்பாலும் ஏஆர்பி கேள்விக்குப் பதில் கிடைக்காததே காரணம். "நேரம் கடந்தது" என வருமாயின் பொதி புறப்பட்டும் பதில் வரவில்லை என்பது பொருள்.

பாதுகாப்பு

ஆளிகள் தனித்திருப்பது பல இடங்களில் வேண்டுமென்றே செய்யப்படும் ஏற்பாடாகும். இணையத்திற்குத் திறந்த வலை வழங்கியும் உள்ளகத் தரவுத்தளமும் வெவ்வேறு ஆளிகளில் வைக்கப்படுவது இதற்கு எடுத்துக்காட்டு. இணைப்பு எளிதாக வேண்டும் என்பதற்காக வலை வழங்கிக்கு இரண்டாம் அட்டை ஒன்றைச் சேர்த்துத் தரவுத்தள ஆளியில் இணைத்தால், வழங்கியைக் கைப்பற்றும் ஊடுருவாளருக்குத் திசைவியின் தீச்சுவரைக் கடக்காமலே தரவுத்தளம் வரை வழி கிடைக்கும். தீச்சுவரை முழுவதும் அணைத்துச் சோதிப்பதும் பொருத்தமன்று. தேவையான துறையை மட்டும் திறப்பதே முறையாகும். சோதனைக்காகச் செய்த மாற்றங்களைச் சோதனை முடிந்ததும் நீக்குதல் வேண்டும்.