வாள்வால் மீனின் வம்சம்

வண்ண மீன் வளர்க்க ஆசைப்பட்டுக் கடைக்குப் போகிறவரிடம் கடைக்காரர் முதலில் காட்டுவது கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்டு டெயில் ஆகிய நான்கில் ஒன்றைத்தான். நான்கும் முட்டையிடாமல் நேரடியாகக் குட்டி போடும் மீன்கள். “தொட்டியில விட்டாப் போதும் சார், தானாப் பெருகிடும்” என்பார். அவர் சொல்வதில் பொய் இல்லை. வாள்வால் மீன் என்று தமிழில் சொல்லத்தக்க ஸ்வார்டு டெயில், சினைப்பட்ட சுமார் நான்கு வாரத்தில் குட்டி போட்டுவிடும். நன்றாக வளர்ந்த தாய் ஒரே ஈற்றில் ஐம்பது, அறுபது குட்டி போடுவது சாதாரணம். ஆனால் இரத்தச் சிவப்பு நிறத்துக்கும், கொடிபோல் உயர்ந்த முதுகுத் துடுப்புக்கும், மேலும் கீழும் நீண்ட யாழ்போன்ற வாலுக்கும் ஆசைப்பட்டு வாங்கியவரின் தொட்டியில் மூன்று, நான்கு தலைமுறை கழிந்த பிறகு நீந்துவது பெரும்பாலும் வேறொரு மீன்தான்: மங்கிய ஆரஞ்சு நிறம், சாதாரண வால், சிறுத்த உடல். வாள்வால் மீனைப் பெருக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. அது கண்டபடி பெருகாமல் தடுப்பதில்தான் வளர்ப்பவரின் வேலை இருக்கிறது.

இதற்குக் காரணம் அந்த மீனின் பிறப்பிலேயே உள்ளது. மெக்சிகோவில் தொடங்கி ஹோண்டுராஸ் வரையுள்ள ஓடைகளும் ஆறுகளும் அதன் சொந்த ஊர். மெக்சிகோவில் ஹெல்லர் என்ற ஆஸ்திரியர் சேகரித்த மீன்களைக் கொண்டு 1848-ல் ஹெக்கல் என்ற விலங்கியலாளர் அதை விவரித்து, ஹெல்லரின் பெயரையே அதற்குச் சூட்டினார். ஓடையில் வாழும் அந்த மீன் சிவப்பே அல்ல. பச்சை கலந்த உடலில் பக்கவாட்டில் செங்கோடு ஓடும், அவ்வளவுதான். இன்று கடையில் மின்னும் சிவப்பு, அதன் ஒன்றுவிட்ட சொந்தமான பிளாட்டியோடு கலந்ததில் கிடைத்தது. உயர்ந்த துடுப்பும் யாழ்வாலும் தொட்டிகளில் தற்செயலாகத் தோன்றி, மனிதர் கண்ணில் பட்டு, பொறுக்கிப் பெருக்கப்பட்டவை. பெண் மீனின் நாட்டம் வேறு. அது முக்கியமாகப் பார்ப்பது ஆணின் வாளை. இணைத் தேர்வால் உருவான அலங்காரத்துக்கு உதாரணமாக டார்வின் 1871-லேயே இந்த வாளைச் சுட்டிக்காட்டினார். 1990-ல் அலெக்சாண்டிரா பசோலோ என்ற உயிரியலாளர், வாளே இல்லாத பிளாட்டி இனத்து ஆணுக்குச் செயற்கை வாள் ஒட்டிவிட்டால் அந்த இனத்துப் பெண்கள் அதையே நாடுகின்றன என்று காட்டினார். நாம் விரும்பும் அழகு ஒன்று, மீன் விரும்பும் அழகு வேறொன்று. தொட்டியை அதன் போக்கில் விட்டால் ஜெயிப்பது மீனின் விருப்பம்தான்.

அடுத்த சிக்கல், பெண் மீன் ஒருமுறை பெற்ற விந்தணுக்களைப் பல மாதங்கள் உடலுக்குள் சேமித்து வைத்துக்கொள்ளும் என்பது. ஆணையே பார்க்காமல் அடுத்தடுத்துப் பல ஈற்றுக் குட்டிகள் போட அதனால் முடியும். கலப்புத் தொட்டியிலிருந்து வாங்கிவந்த பெண், யாரென்று தெரியாத ஒரு தகப்பனின் பிள்ளைகளை ஏற்கெனவே சுமந்துகொண்டுதான் வருகிறது. வீட்டில் எத்தனை அழகான ஆணோடு சேர்த்தாலும் முதல் சில ஈற்றுகளை நம்ப முடியாது. ஆகவே வம்சம் காக்க நினைப்பவர் விலைக்கு வாங்கிய பெண்ணிலிருந்து தொடங்காமல், அது போட்ட குட்டிகளிலிருந்து தொடங்க வேண்டும். பிறந்த குட்டிகளில் ஆண் பெண் தெரியாது. எல்லாவற்றுக்கும் குதத் துடுப்பு சிறு விசிறிபோல் இருக்கும். வளர வளர ஆணின் துடுப்பு மட்டும் ஒடுங்கிக் குச்சியாகும். அதுவே அதன் இனப்பெருக்க உறுப்பு. வாள் முளைக்கட்டும் என்று காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். துடுப்பு கூர்மையாகத் தொடங்கிய அன்றே அந்தக் குட்டியை ஆண்கள் தொட்டிக்கு மாற்ற வேண்டும். இதற்காக வாரம் ஒருமுறையாவது ஒவ்வொரு குட்டியையும் கண்ணாடிக்கு அருகில் கொண்டுவந்து பார்த்தாக வேண்டும். இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான உழைப்பு இதுதான். மற்றதெல்லாம் தண்ணீர் மாற்றுகிற வேலை.

யாழ்வால் ரகத்தை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். யாழ்வாலைத் தரும் மரபணு வாலோடு நிற்பதில்லை, எல்லாத் துடுப்புகளையும் நீட்டிவிடும். ஆணின் அந்தக் குச்சித் துடுப்பும் அளவுக்கு மீறி நீண்டு, பெண்ணோடு சேர உதவாமல் போகும். கண்காட்சியில் பரிசு வாங்கத் தகுந்த யாழ்வால் ஆண், பெரும்பாலும் தகப்பனாக முடியாதவன். அழகான ஜோடி என்று இரண்டு யாழ்வால் மீன்களை வாங்கிவந்து மாதக்கணக்கில் ஏமாறுபவர்கள் உண்டு. தெரிந்த வளர்ப்பாளர் யாழ்வால் பெண்ணைச் சாதாரண வால் ஆணோடு சேர்ப்பார். இது ஓங்கு பண்பு என்பதால் குட்டிகளில் ஏறத்தாழ பாதிக்கு யாழ்வால் வரும். அதே ஈற்றில் பிறந்த சாதாரண வால் அண்ணன் தம்பிகளைக் கடைக்காரர் குறைந்த விலைக்குக்கூட எடுக்கமாட்டார், ஆனால் நல்ல நிறமும் உடற்கட்டும் உள்ள அந்த ஆண்கள்தான் வம்சத்தின் மூலதனம். செங்கண் கொண்ட வெளிறிய அல்பினோ ரகத்தில் கணக்கு தலைகீழ். அது ஒடுங்கு பண்பு. அல்பினோவைச் சாதாரண மீனோடு சேர்த்தால் முதல் தலைமுறையில் ஒன்றுகூடத் தெரியாது, அந்தக் குட்டிகளைத் தமக்குள் சேர்த்தால் நாலில் ஒன்று செங்கண்ணோடு பிறக்கும். முதல் ஈற்றைப் பார்த்ததும் மனம் தளர்ந்து மீன்களை விற்றுவிடுபவருக்கு இது ஒருபோதும் தெரியவராது.

“இத்தனை கவனமாகப் பிரித்தும் பயனில்லை, இந்த மீன்தான் பெண்ணாக இருந்து ஆணாக மாறிவிடுமே” என்று சிலர் கேட்பார்கள். வாள்வால் மீனைப் பற்றி மிகப் பழைய, மிகப் பரவலான நம்பிக்கை இது. உண்மையில் நடப்பது வேறு: இந்த இனத்து ஆண்களில் சில சீக்கிரம் பருவமடையும், சில மிகவும் தாமதிக்கும். தாமதிப்பவை பெண்ணைப்போலவே பருத்து வளர்ந்து, பல மாதம் கழித்துத் திடீரென்று வாள் நீட்டும். பார்ப்பவருக்கு அது பாலின மாற்றமாகத் தெரிகிறது. வயதான சில பெண் மீன்களுக்கு ஹார்மோன் மாறுபாட்டால் ஆணின் வெளித்தோற்றம் வருவதும் உண்டு. ஆக, இது பிரித்து வைப்பதற்கு எதிரான வாதமல்ல. பெண்கள் தொட்டியில் தங்கிவிட்ட தாமத ஆண் ஒன்று அங்குள்ள எல்லா மீனையும் சினையாக்கிவிடும் என்பதால், பிரித்த பிறகும் கண்காணிப்பைத் தொடர வேண்டும் என்பதற்கே இது காரணம்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. ஒரே குடும்பத்துக்குள் சேர்த்துக்கொண்டே போனால் மீன் நலிந்துபோகாதா? போகலாம், வளைந்த முதுகெலும்பும் குறைந்த குட்டி எண்ணிக்கையும் அதன் அறிகுறிகள். அதே நேரம், மைரன் கார்டன் என்ற விஞ்ஞானி 1930-களில் தொடங்கிய, இப்போது டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் சேகரிப்பு மையத்தில், பிளாட்டியின் சில வம்சங்கள் நூறு தலைமுறைக்கு மேல் உடன்பிறப்புகளுக்குள்ளேயே சேர்க்கப்பட்டு இன்றும் வாழ்கின்றன. அங்கே ஒவ்வொரு தலைமுறையும் பதிவேட்டில் ஏறுகிறது. வீட்டில் அப்படி முடியாது என்பதால், ஒரே ரகத்தில் இரண்டு கிளைகளைத் தனித்தனியாக வளர்த்து, சில தலைமுறைக்கு ஒருமுறை குறுக்கே சேர்ப்பதே போதுமான பாதுகாப்பு. கண்டதோடு கலப்பதுதான் மருந்து என்பவர்கள் இதே மீனின் இன்னொரு கதையையும் அறிய வேண்டும். முதுகுத் துடுப்பில் கரும்புள்ளி கொண்ட பிளாட்டியை வாள்வாலோடு சேர்த்து, அந்தக் கலப்புக் குட்டியை மறுபடி வாள்வாலோடு சேர்த்தால், பேரக்குட்டிகளில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்குத் தோல் புற்றுநோய் வரும். கருமையைத் தூண்டும் மரபணு பிளாட்டியிடமிருந்து வந்துவிடும், அதைக் கட்டுப்படுத்தும் மரபணு வராமல் போய்விடும். 1920-களின் இறுதியில் கார்டனும் ஜெர்மனியில் கோஸ்விக் என்பவரும் கண்டறிந்த இது இன்றும் புற்றுநோய் ஆய்வில் பயன்படுகிறது. கருமை மிகுந்த ரகங்களைக் கலப்பவர் இதை மனதில் வைக்க வேண்டும்.

வளர்ப்பு முறையில் பெரிய ரகசியம் எதுவுமில்லை. மூன்றடி நீளத் தொட்டி, ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண், துள்ளி வெளியே விழாமல் மூடி. அன்பு மிகுதியால் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்புச்சத்துள்ள கடினநீர்தான் இதற்கு உகந்தது, சென்னையின் போர் தண்ணீரிலேயே நன்றாக இருக்கும். தாயே குட்டிகளைத் தின்னும் என்பதால் பாசியும் செடியும் அடர்த்தியாக வேண்டும்.

ரகத்துக்கு உதவாத குட்டிகளை ஒதுக்குவது கொடுமையல்லவா என்றால், ஒதுக்குவது என்பது கொல்வதல்ல. இனப்பெருக்கத் தொட்டியிலிருந்து வெளியே எடுப்பதுதான். வெளியே எடுத்ததை எங்கே விடுகிறோம் என்பதே கவனிக்க வேண்டியது. வீட்டுத் தொட்டிகளுக்காகக் கொண்டுபோகப்பட்ட வாள்வால் மீன்கள் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் ஹவாயிலும் ஓடைகளில் நிலைகொண்டுவிட்டன. சேமித்த விந்தணுவோடு ஒரு பெண் போதும், ஒரு கூட்டம் உருவாக. மிஞ்சிய மீன்களைக் கடைக்காரருக்கோ தெரிந்த வளர்ப்பாளருக்கோ இலவசமாகக் கொடுத்துவிடுங்கள். ஏரியிலும் கிணற்றிலும் கோயில் குளத்திலும் விடாதீர்கள்.