வாசல்வரை இயற்பியல்

மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போகிற வழியில் எல்லோரும் படிக்கிற பாடம். அதிலேயே நின்று பட்டம் வாங்கத்தான் தயக்கம்.

தமிழக எல்லையை ஒட்டி, கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில் இருக்கிறது காரோடு. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. இரண்டு மொழியும் கலந்து புழங்கும் இந்தப் பகுதியில் ஒரே பாடத்துக்கு மூன்று பெயர்கள். மலையாளத்தில் ஊர்ஜதந்திரம், தமிழில் இயற்பியல், பழைய தலைமுறைக்குப் பௌதிகம். பிளஸ் டூ முடிவு வந்ததும் வீட்டில் எழும் வாக்குவாதத்தில் மட்டும் ஒரே பெயர்தான்: "பிசிக்ஸ் படித்து என்ன வேலைக்குப் போவது?"

அந்தப் பாடத்தை யாரும் படிப்பதில்லை என்பதல்ல பிரச்சினை. நீட் தேர்வின் 720 மதிப்பெண்களில் 180 இயற்பியலுக்கு. தமிழகப் பொறியியல் கலந்தாய்வின் 200இல் 50 இயற்பியலுக்கு. டியூஷன் சென்டர்களில் அதற்குத்தான் கூட்டம். ஆனால் அங்கே அது வேறொரு கதவைத் திறக்கும் சாவி மட்டுமே. சூத்திரமும் வேகமுமாக இரண்டு ஆண்டுகள் ஓடுகின்றன. நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள் அந்தக் கதவு வழியே போய்விடுகிறார்கள். மீதிப் பேர் பி.எஸ்சி. வகுப்புக்கு வரும்போது, சீட் கிடைக்காதவர்களின் படிப்பு என்ற பெயரும் கூடவே வந்துவிடுகிறது.

பெற்றோரின் கணக்கிலும் நியாயம் உண்டு. பொறியியல் நான்கே ஆண்டுகள். மேல்நிலைப் பள்ளி ஆசிரியராக வேண்டுமானால் பி.எஸ்சி. மூன்று, எம்.எஸ்சி. இரண்டு, பி.எட். இரண்டு என ஏழு ஆண்டுகள். அதற்குமேல் கேரள மேல்நிலைப் பள்ளிகளுக்கு செட் தேர்வு, கல்லூரி வேலைக்கு நெட் தேர்வு. வீட்டில் பெண் என்றால் இந்த ஏழு ஆண்டுகளுக்குள் கல்யாணப் பேச்சும் புகுந்துவிடும். மறுபக்கம், பணம் குறைந்த குடும்பங்களுக்கு இதே படிப்புதான் கைகொடுக்கிறது. தனுவச்சபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் கலை அறிவியல் கல்லூரிகள் உள்ளன. விடுதிச் செலவில்லாமல் பஸ்ஸில் போய்வரலாம்.

இந்தத் தயக்கம் புதிதல்ல. சர் சி.வி. ராமனே 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்குப் போனவர்தான். 1917இல் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியராகத் திரும்பினார், 1930இல் நோபல் பரிசு பெற்றார். அப்துல் கலாம் போனது எதிர்த்திசையில். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்ற பிறகு, இது தன் துறையல்ல என்று உணர்ந்து சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியலுக்கு மாறினார். வந்தவரும் சரி, விலகியவரும் சரி, படித்துப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள்.

அப்படிப் படித்துப் பார்ப்பதற்கான இடங்கள் காரோட்டுக்குத் தூரத்தில் இல்லை. இங்கே தொடங்கும் நால்வழிச் சாலை நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடி முடிகிற இடம் கழக்கூட்டம். அங்கே 1990இல் தொடங்கிய டெக்னோபார்க்கை எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறை இருக்கிறது. இன்னும் சற்றுத் தள்ளி, கடலோரத்தில் தும்பா. 1963 நவம்பர் 21இல் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. காந்த நடுக்கோடு அருகில் செல்வதாலும், அதற்கு மேலே உயர்வளி மண்டலத்தில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய வேண்டியிருந்ததாலும்தான் அந்த மீனவக் கிராமம் தேர்வாயிற்று. பொறியாளர்களின் கோட்டையாகத் தெரிகிற தும்பா, இயற்பியல் கேள்வி ஒன்றுக்காக உருவானது.

2008இல் தொடங்கிய திருவனந்தபுரம் ஐஸர், விதுராவில் இயங்குகிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் நேரடியாகச் சேரலாம். அதற்கென்று தனி நுழைவுத் தேர்வு, ஆனால் நீட் தேர்வுக்கு நடக்கும் ஆரவாரம் அதற்குக் கிடையாது. வேலையும் வாத்தியார் உத்தியோகத்தோடு முடிவதில்லை. வானிலைத் துறைக்கு இயற்பியல் படித்தவர்கள் வேண்டும். புற்றுநோயாளிக்கு எவ்வளவு கதிர்வீச்சு என்று கணக்கிடுபவர் மருத்துவ இயற்பியலாளர். அதற்கு எம்.எஸ்சி.க்கு மேல் தனிப் பயிற்சி தேவை. இந்த வழிகளையெல்லாம் சொல்லித்தர பிளஸ் டூ வகுப்பில் ஓர் ஆசிரியர் வேண்டும். சோதனைக் கூடத்தைப் பூட்டி வைக்காத பள்ளியும் வேண்டும்.

ஊர்ஜதந்திரமோ இயற்பியலோ, வேண்டுமா வேண்டாமா என்று முதலில் கேட்க வேண்டியது படிக்கப் போகிறவரை. பல வீடுகளில் அவரிடம்தான் கடைசியாகக் கேட்கிறார்கள்.